வேண்டாம் என்று எழுதப்பட்ட விளக்கு

1

ஊர்ச் சனசமூக நிலையத்து ஆண்டு மலருக்கு லண்டனைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அரண்மனை, பனி, நிலத்துக்கு அடியில் ஓடும் ரயில் என்றெல்லாம் எதிர்பார்த்திருப்பீர்கள். அரண்மனையை நான் வந்த இந்த எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுவும் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து, தூக்கக் கலக்கத்தில். என்னை நம்பி அதையெல்லாம் அச்சடித்துவிட வேண்டாம். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு நீளமான கடிதம் ஒன்று வந்தது. இங்கே தபால்காரர் படலையில் நின்று கூப்பிடுவதில்லை, ஊர்ப்புதினம் கேட்பதுமில்லை. கதவில் வெட்டியிருக்கும் துவாரத்தால் போட்டுவிட்டு ஓடிவிடுவார். அது எங்கள் நகரசபையின் வட்டாரக் குழுக் கூட்டக் குறிப்பு. தெருப் பாதுகாப்பு, குப்பை, விளக்கு, வயோதிபர் மண்டபத்துக்கு உதவிப்பணம் போன்ற விஷயங்களை ஆராய்வதற்கு அயலவர்களையே கூப்பிட்டு வைத்திருக்கும் குழு. அதில் நானும் ஓர் உறுப்பினன். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு யாரும் போட்டியிடவில்லை.

நாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘ரயில் பாதையோர ஒழுங்கைக்கு விளக்கு. இவ்வருடம் தேவையில்லை என்று திரு. தில்லையம்பலம் தெரிவித்தார். அவருடைய பெருந்தன்மைக்குக் குழு நன்றி கூறியது.’

அந்த விளக்கைக் கேட்டு நகரசபைக்கு மூன்று கடிதம் எழுதியவனும் இதே தில்லையம்பலம்தான். வாசித்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

2

முதலில் ஒழுங்கை. ஒரு பக்கம் ரயில் பாதையின் உயர்ந்த செங்கல் மதில். மறு பக்கம் வீடுகளின் பின்வேலிகள். ஓர் இருநூறு அடி வைத்தால் கடந்துவிடலாம். நடுவில் ஒரு விளக்குத் தூண் நிற்கிறது, ஆனால் நாங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே யாரோ அதன் தலையை உடைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து வருவதற்கு அதுதான் குறுக்குவழி. அதை விட்டால் பெருந்தெருவால் அரை மணித்தியாலத்துக்கு மேல் சுற்றி வரவேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் இங்கே பின்னேரம் நாலு மணிக்கே இருண்டுவிடும். நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பாமல் முதல் வருடம் கைக்கடிகாரத்தைத் திருத்தக் கொடுத்தேன்.

எங்கள் மகள் சுகந்திக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டு அந்த ஒழுங்கையால்தான் வரவேண்டும். நான் ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் பார்க்கிறேன். விடியப்புறம் போனால் இரண்டு மணிக்கு வீட்டில் நிற்பேன். மனைவி மகேஸ்வரிக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் பின்னேர வேலை. நான் வர அவள் போவாள். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பாதி, குசினி மேசையில் விட்டுச்செல்லும் கடதாசித் துண்டுகளில்தான் நடக்கிறது. ‘கறி சட்டிக்குள். சோறு நீங்கள் போடுங்கோ. பிள்ளை வந்தால் ஏன் பிந்தினவள் என்று கேளுங்கோ.’

ஏனென்றால் இந்தக் குளிர்காலம் தொடங்கியதில் இருந்து சுகந்தி பிந்தித்தான் வருகிறாள். நாலேகாலுக்கு வரவேண்டியவள் ஐந்து மணிக்கு வருகிறாள். நான் கேட்டேன்.

“ஏன் பிள்ளை பிந்தி வாறாய்?”

“ஒண்டுமில்லை அப்பா.”

அவளுக்குத் தமிழ் நன்றாக விளங்கும், பேசவும் பேசுவாள். ஆனால் அவள் வாயில் அது சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கும். ஐந்து வயதில் இங்கே வந்த பிள்ளை, வேறு என்ன செய்யும்? ‘ஒண்டுமில்லை’ என்பதை மட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே சொல்லுவாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சிநேகிதப் பிள்ளைகளோடு உருளைக்கிழங்குப் பொரியல் கடையில் நின்று கதைத்துவிட்டு வருகிறாள் என்றுதான் எனக்குள் ஒரு தீர்மானம். இந்த நாட்டுப் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் பெற்றோருக்கு விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள் என்று இங்குள்ள நம்மவர்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு. என் முறையும் வந்துவிட்டது என்று நினைத்துக் கவலைப்பட்டேன். இரண்டு தடவை ஏசியும் இருக்கிறேன்.

ஆனாலும் இருட்டு இருட்டுத்தானே. பிள்ளையும் மனைவியும் அதற்குள்ளால் வருகிறார்கள் என்று போன வருடக் குளிர்காலத்திலேயே நகரசபைக்கு எழுதியிருந்தேன். எனக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஒரே விதம் ஊரில் கிளாக்கராக இருந்த கந்தோரில் பழகிய விதம். ‘மேன்மை தங்கிய ஐயா’ என்று தொடங்கி, ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியனாக இருக்கும் பாக்கியம் பெற்றவன்’ என்று முடித்தேன். பதில் வரவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்குப் பிறகு ஒரு பெண் ரெலிபோனில் கூப்பிட்டாள். ஊழியன் என்று இருந்தபடியால் என் கடிதங்கள் நகரசபை ஊழியர்களைக் கவனிக்கும் பகுதிக்குப் போய், நான் எந்தப் பகுதியில் வேலை செய்கிறேன் என்று அவர்கள் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

அவள்தான், வட்டாரக் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வந்து நேரில் கேளுங்கள் என்று சொன்னாள்.

3

உங்களில் வயது வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இருபது வருடத்துக்கு முன், அறுபதுகளின் நடுவில், நான் எங்கள் கிராமச் சபையில் கிளாக்கராக இருந்தவன். ஆறு வருடம் கூட்டக் குறிப்பு எழுதிய கை இது. அவிழ்ந்து திரியும் கட்டாக்காலி மாடு பிடிக்கிறது, ஒழுங்கைக்கு மண் போடுகிறது, சந்தியில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றுகிறது எல்லாம் என் கையெழுத்தில்தான் நடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்டிக் கடற்கரைக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு எறியும் வாழையிலைக்குக்கூட ஒரு தீர்மானம் வைத்திருந்தோம். வாழையிலைகளுக்கு மட்டும் அது தெரியவில்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். எதையாவது தருகிறோம் என்றால், முதல் தடவையில் ஒருவரும் ஓம் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் தடவையும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் தடவை கேட்டால், எல்லாரும் வற்புறுத்துகிறபடியால் என்று சொல்லி ஏற்றுக்கொள்வார்கள். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் நாங்கள் நடக்கிற விதம்தான். ‘இப்பதான் சாப்பிட்டனான்’ என்று சொல்லிக்கொண்டே கை கழுவ எழும்புவோமே, அதேதான். கூப்பிட்டவுடன் இலையில் போய் உட்காருகிறவனைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரேயொரு கிணற்றுக்குச் சுற்றுக்கட்டுக் கட்டத்தான் சீமெந்து கிடைத்தது. நாலாம் வட்டாரத்துப் பொதுக்கிணற்றுக்குக் கட்டில்லை. அதற்குள் ஒரு கன்றுக்குட்டி விழுந்து, கயிறு போட்டுத் தூக்கியிருந்தார்கள். அடுத்ததாக ஒரு பிள்ளை விழுந்தால் என்ன செய்வது? சீமெந்து அங்கேதான் போகவேண்டும் என்று ஊர் முழுக்கத் தெரியும். சேர்மன் முறைப்படி நாலாம் வட்டார உறுப்பினரைக் கேட்டார். அவர் பெயர் வேலுப்பிள்ளை. தெற்கே கடை நடத்திவிட்டு வந்து ஊரில் புகையிலை செய்துகொண்டிருந்தவர். சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

“எங்களுக்கென்ன அவசரம்? மற்ற வட்டாரங்களுக்குக் குடுங்கோ.”

சேர்மன் மறுபடி கேட்டார்.

“வேண்டாம் சேர்மன். நாங்கள் எப்பிடியும் சமாளிப்பம்.”

“வேலுப்பிள்ளையர், நீங்கள் இப்பிடிச் சொன்னா நாங்கள் என்ன செய்யிறது? கண்டுக்குட்டி விழுந்தது உங்கட கிணத்துக்கையெல்லோ?”

“சரி. நீங்கள் எல்லாரும் இவ்வளவு சொல்லுறபடியா ஓமெண்டுறன்.”

எல்லாருக்கும் திருப்தி. எனக்கும் திருப்தி. நான் ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் குறிப்பை எழும்பி நின்று உரத்து வாசித்தேன். ‘நாலாம் வட்டார உறுப்பினர் சீமெந்து தேவையில்லை என்றார். மீண்டும் தேவையில்லை என்றார். பின்னர் தேவை என்றார்.’

கூரை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். வேலுப்பிள்ளையர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாள் காலையில் நான் கந்தோர்க் கதவைத் திறக்கும்போது வாசலில் நின்றார்.

“தம்பி, நான் உமக்கு என்ன செய்தனான்?”

“ஒண்டும் செய்யேல்லையே, ஐயா.”

“பேந்து ஏன் நான் சொன்னதை எழுதினீர்?”

“நீங்கள் சொன்னபடியாத்தான் எழுதினனான்.”

“சொன்னா? சொல்லுறதையெல்லாம் எழுதிறதே? மரியாதைக்கு ஒரு மனிசன் வேண்டாமெண்டு சொல்ல ஏலாதோ இந்தச் சபையிலை?”

“தேத்தண்ணி குடிக்கிறியளோ ஐயா?” என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் பேசாமல் நின்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் கேட்டேன். வீட்டில் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். இன்னொரு தரம் கேட்டேன். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “அரைக் கோப்பை ஊத்தும்” என்றார். நிறைந்த கோப்பையாகத்தான் குடித்தார்.

அன்றில் இருந்து நான் கூட்டங்களில் மூன்றாம் முறைக்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தேன். ஆறு வருடத்தில் ஒரு முறைப்பாடும் வரவில்லை. யார் சொல்லும் ‘வேண்டாம்’ உண்மையான வேண்டாம், யாருடையது மரியாதைக்குச் சொல்வது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

4

இப்போது வட்டாரக் குழுக் கூட்டத்துக்கு வருவோம். நூல்நிலையத்தின் மேல்மாடியில் பின்னேரம் ஆறு மணிக்கு நடக்கும். தலைவி மிஸிஸ் ஹார்லி, தலைமையாசிரியையாக இருந்து இளைப்பாறியவர். எழுதுவதற்கு நகரசபையில் இருந்து ஓர் இளம்பெண் வருவாள். அவள் வேகமாக எழுதுவதைப் பார்க்கவே எனக்கு ஆசையாக இருக்கும். என் பக்கத்துக் கதிரை மிஸ்டர் டொனலிக்கு. எழுபது தாண்டிய அயர்லாந்துக்காரர், வயோதிபர் மண்டபத்தின் பிரதிநிதி. கூட்டம் தொடங்க முன்னரே எனக்கு ஒரு மின்ட் இனிப்புத் தருவார். நான் இரண்டு தடவை மறுப்பதற்குள் தன் பையில் திருப்பிப் போட்டுவிடுவார். இதில் இருந்தே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு நிகழ்ச்சிநிரலில் நாலாவது விஷயம் உதவிப்பணம். இந்த வருடத்துக்கு ஒரு வேலைக்குத்தான் பணம் போதும். ஒன்று என் ஒழுங்கை விளக்கு, மற்றது டொனலியின் மண்டபத்துக்கு வெப்பமூட்டி. மிஸிஸ் ஹார்லி சொன்னார், குழுவில் பெரும்பாலானவர்கள் விளக்குப் பக்கமே சாய்கிறார்கள் என்று. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மிஸ்டர் தில்லி, இந்த விளக்கு இந்த வருடமே வேண்டும் என்று நினைக்கிறீர்களா?”

தில்லையம்பலத்தை அவர்களால் முழுமையாகச் சொல்ல முடிவதில்லை. பாதியோடு விட்டுவிடுவார்கள்.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. “இல்லை இல்லை. எங்களுக்கு ஓர் அவசரமுமில்லை. முதலில் மிஸ்டர் டொனலிக்குக் கொடுங்கள்.”

சொல்லிவிட்டுத் தலையைக் கொஞ்சம் குனிந்தபடி இரண்டாம் முறைக்காகக் காத்திருந்தேன்.

“எவ்வளவு நல்ல மனம்!” என்றார் மிஸிஸ் ஹார்லி. எல்லாரும் கைதட்டினார்கள். டொனலி என் தோளில் தட்டினார். “ஐந்தாவது விஷயம், நடைபாதையில் நாய் அசுத்தம்” என்றார் தலைவி.

நாய்களைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார்கள். ஒவ்வொரு தடவை மிஸிஸ் ஹார்லி என் பக்கம் பார்த்தபோதும், இதோ கேட்கப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் நாயைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டார். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போதுகூட அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். எனக்கு மறுபடி நன்றி சொன்னார். அந்த இளம்பெண் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் முறையிலேயே எழுதிவிட்டாள், பாவி.

5

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பு வந்த பிறகு மறைக்க முடியவில்லை. மகேஸ்வரிக்கு அன்று லீவு. கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“இஞ்சாருங்கோ, உதிலை என்ன எழுதியிருக்கு? வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?”

“சொன்னனான்தான். அது மரியாதைக்கு.”

“ஆருக்கு மரியாதை? இருட்டுக்கையால வாறது நானும் பிள்ளையும். மரியாதை உங்களுக்கோ?”

“அந்த மனிசி ரெண்டாந்தரம் கேட்கும் எண்டு நினைச்சன்.”

“அவ என்ன எங்கட பக்கத்து அனலைதீவுப் படகிலையே வந்து இறங்கினவ, ரெண்டாந்தரம் கேக்க?”

சுகந்தி மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திக் கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மறுபடி குனிந்துகொண்டாள். ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். ‘அடுத்த கூட்டம் எப்ப?’ என்று மட்டும் கேட்டாள்.

என்னைப் பற்றி எனக்கே வெட்கமாக இருந்தது. ஊரில் ஆறு வருடம் இத்தனை பேர் முகம் பார்த்து எழுதினவன், சொந்தப் பிள்ளையின் வழிக்கு ஒரு விளக்குக் கேட்கத் தெரியாமல் வந்திருக்கிறேன். திருத்திவிடலாம் என்று நம்பினேன். போன கூட்டத்தின் குறிப்பைச் சரிபார்க்க அடுத்த கூட்டத்தில் ஒரு நேரம் ஒதுக்குவார்கள். அந்த வேலை எனக்குத் தலைகீழாகப் பாடம்.

6

மகேஸ்வரி வேலைக்குப் போகும் நாள் ஆனபடியால் சுகந்தியையும் நூல்நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். வழக்கமாகக் கீழ்த்தட்டில் இருந்து படிப்பாள். அன்றைக்கு மேலே வந்து, பார்வையாளருக்குப் போட்டிருந்த கதிரையில் உட்கார்ந்தாள். அந்தக் கதிரைகளில் ஆள் இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

“போன கூட்டக் குறிப்பில் யாருக்காவது திருத்தம் உண்டா?” என்று மிஸிஸ் ஹார்லி கேட்டார். நான் கை உயர்த்தினேன்.

“நாலாம் பக்கம், விளக்கு.”

“நீங்கள் அப்படிச் சொல்லவில்லையா?”

“சொன்னேன்.”

“அப்படியானால் எழுதியது சரிதானே?”

“சரிதான். ஆனால் நான் சொன்னது சரியில்லை.”

எழுதும் பெண் பேனாவை உயர்த்தியபடி தலைவியைப் பார்த்தாள். என் தொண்டைக்குள் வேலுப்பிள்ளையரே வந்து உட்கார்ந்துவிட்டார் போல இருந்தது. சொன்னதை ஏன் எழுதினாய் என்று அந்தப் பிள்ளையைப் பார்த்து நானும் கேட்கவேண்டியதுதான் பாக்கி. எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்லுவோம் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். சாப்பாட்டு உதாரணம் சொன்னேன். கன்றுக்குட்டிக் கதையும் சொன்னேன். எல்லாரும் மிகுந்த அக்கறையோடு கேட்டார்கள். கதை நன்றாக இருக்கிறது என்றார்கள். விளக்கு மட்டும் நகரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லாமல் முடிவை மாற்ற முடியாது என்றார் மிஸிஸ் ஹார்லி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அப்போது பின்னால் ஒரு கதிரை நகர்ந்தது. சுகந்தி எழும்பி நின்றாள். அனுமதி கேட்கவுமில்லை, வணக்கம் சொல்லவுமில்லை. அவளுடைய ஆங்கிலத்தில், எனக்கு எப்போதும் பிந்தித்தான் விளங்கும் வேகத்தில் பேசினாள்.

“நான் அந்த ஒழுங்கையால் போவதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே இருட்டில் பையன்கள் மூன்று பேர் சைக்கிளோடு நிற்பார்கள். மதிலோடு மறித்துவைத்து ஊருக்குத் திரும்பிப் போ என்பார்கள். ஒரு நாள் என் தொப்பியைப் பிடுங்கி மதிலுக்கு மேலால் ரயில் பாதையில் எறிந்தார்கள். அதன் பிறகு நான் பெருந்தெருவால் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறேன். விளக்கு இருந்தால் பின்வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் நிற்பது தெரியும். எங்களுக்கு விளக்கு வேண்டும்.”

உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை.

அந்தத் தொப்பியைத் தொலைத்துவிட்டதாக அவள் சொன்ன நாளில் நான் ஏசினது எனக்கு ஞாபகம் வந்தது. மகேஸ்வரி பின்னின தொப்பி. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் கண்ணை மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயம்.

முதலில் பேசினவர் டொனலி. “எங்களிடம் கோட்டு இருக்கிறது. இன்னொரு குளிரைக் கோட்டோடு கழிப்போம். விளக்கைப் போடுங்கள்.”

நம்புங்கள், அந்த நேரத்திலும் என் வாய் திறந்தது. “இல்லை மிஸ்டர் டொனலி, நீங்கள்...” என்று தொடங்கிவிட்டேன். பின்னால் இருந்து “அப்பா!” என்று ஒரு சத்தம். ஊரில் கட்டாக்காலி மாட்டை அதட்டுகிற சத்தம். அதை இந்தப் பிள்ளை எங்கே பழகினாள் என்று தெரியவில்லை.

“மிஸ்டர் தில்லி, விளக்கு வேண்டுமா?” என்று தலைவி கேட்டார்.

“வேண்டும்” என்றேன். நாற்பத்திரண்டு வயதில், முதல் தடவை கேட்டவுடனே.

7

திரும்பிப் பெருந்தெருவால் நடந்து வந்தோம். கடைகள் பூட்டுகிற நேரம்.

“ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்டனீங்கள் அப்பா. நான் ஒண்டுமில்லை எண்டனான். நீங்கள் பேப்பரை எடுத்திட்டியள்.”

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுகிற குரல். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. தேத்தண்ணிக்கு மூன்று தடவை கேட்டவன், அந்நிய மனிதர்களுக்கெல்லாம் மூன்றாம் முறைவரை பேனாவைத் திறக்காமல் இருந்தவன் நான். என் பிள்ளையை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அவள் எங்களை விட்டு விலகிப் போகிறாள் என்று வேறு நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மரியாதைக்கு மறைக்கத் தெரிந்த பிள்ளை எங்கே விலகிப் போயிருக்கிறாள்? எங்கள் வீட்டிலேயே என்னைவிட ஊர்க்காரி அவள்தான்.

விளக்கு இன்னும் வரவில்லை. தூணைப் பார்ப்பது ஒரு பகுதியாம், கம்பி இழுப்பது இன்னொரு பகுதியாம், மதில் ரயில்காரருடையதாம். மூன்று பகுதியும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன. பகிடியில்லை, என்னிடம் பிரதிகள் வருகின்றன. ஊரிலும் கிணற்றுக்கட்டு அடுத்த மாரிக்குத்தானே முடிந்தது.

நான் இப்போது பின்னேரம் நித்திரை கொள்வதில்லை. நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறேன். முதல் நாள் என்னைக் கண்டதும் அவளுடைய முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

“அப்பா, நீங்கள் வரவேண்டாம். சிநேகிதப் பிள்ளையள் பாக்கினம்.”

அடுத்த நாளும் போனேன். என் ரயில்வே உடுப்பைப் பார்த்து, டிக்கெட் எடுக்காமல் தப்பி ஓடுகிறவள் போல வேகமாக நடந்தாள். அதற்கடுத்த நாள் எதிர்ப்பக்க நடைபாதையில், என்னைத் தெரியாதவள் மாதிரி. வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பெருந்தெருவால் சுற்றி, அவள் முன்னால், நான் இருபது அடி பின்னால், மழையிலும் குளிரிலும் வீட்டுக்கு வந்தோம். வாசலில்தான் ஒன்றாகச் சேருவோம்.

போன வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூட வாசலில் இருந்து வெளியே வந்து, சிநேகிதப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, நேரே என்னிடம் வந்தாள். தோளில் இருந்து பையைக் கழற்றி நீட்டினாள். இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு என்னத்தைத்தான் படிப்பிக்கிறார்களோ, நெல்லு மூட்டைப் பாரம். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்து, பெருந்தெருப் பக்கம் திரும்பாமல், இருட்டுக்குள் ஒழுங்கையால் இறங்கினாள்.